தார்ப்பாய் கட்டிய வண்டிகள்

மேடையில் போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகளை இன்னும் யாரும் பிய்க்கவில்லை. பெண்ணின் பெயர் முழுசாக இருக்கிறது, மாப்பிள்ளை பெயரில் முதல் எழுத்து உதிர்ந்துவிட்டது, அதன் மேலேயே எங்கள் சங்கத்துச் சிவப்பு பேனரைக் குறுக்காகக் கட்டியிருக்கிறார்கள். மார்கழியில் கல்யாண மண்டபம் சும்மாக் கிடக்கும், வாடகை குறைவு, அதனால் பொதுக்குழுவை இங்கே போட்டிருக்கிறார்கள். யாரோ தாலி கட்டிக்கொண்ட இடத்தில் எங்களுக்குக் கருமாதி என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்து நாற்காலிக்காரன் திரும்பிப் பார்த்தான், இருமிச் சமாளித்தேன். சிரிக்கிற நாளா மாதையா இது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓசூர்க் குளிர் பிளாஸ்டிக் நாற்காலி வழியாக ஏறி முதுகைப் பிடிக்கிறது. மைக்கில் முனிரத்தினம் பேசிக்கொண்டிருக்கிறார், எங்கள் சங்கத் தலைவர், கணீரென்ற குரல், பஜனைக்குப் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருப்பார். அவர் பேசுவது எனக்குப் பாதிதான் கேட்கிறது, தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பிலேயே தலை நரைத்தவன் காதுக்கு மைக்கெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஆனால் என்ன பேசுகிறார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கம்பெனி வடக்கே போய்விட்டது. மெஷின்கள் போய்விட்டன. மிச்சம் இருப்பது செட்டில்மென்ட் ஒன்றுதான், அதற்கும் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது, செயலாளர் லூர்துசாமி இருக்கிற சங்கத்தோடு நாங்கள் கையெழுத்துப் போடமாட்டோம், அவரை நீக்கிவிட்டு வாருங்கள். சும்மா நீக்க முடியாது, காரணம் வேண்டும், காரணமும் தயார். ஆயுத பூஜை அன்றைக்குக் கம்பெனிச் சாமான் ஏற்றிய வண்டிகளைக் கேட்டைத் தாண்டிப் போகவிட்டது லூர்துசாமிதானாம், அதற்குக் கம்பெனியிடம் கைநீட்டி வாங்கினாராம். பொய். பச்சைப் பொய். நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் கேட்டார், தார்ப்பாய் எதுக்குக் கட்டியிருக்குன்னு. எழுந்து நின்று அதைச் சொன்னால் போதும். ஒரே ஒரு வரி. தார்ப்பாய் எதுக்குன்னு லூர்து அண்ணன் கேட்டாரு. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

ஆனால் எழுந்ததும் முதல் வார்த்தை என்ன. அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தோழர்களே என்று ஆரம்பிப்பதா, நான் யாரையும் தோழர் என்று கூப்பிட்டதே இல்லை, ஊர்வலத்தில் கோஷம் போடும்போதுகூட அந்த வார்த்தையை மட்டும் முழுங்கிவிட்டு மற்றதைக் கத்துவேன், கூச்சம். மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே என்று ஆரம்பித்தால் முனிரத்தினத்துக்கு வணக்கம் வைத்துவிட்டு முனிரத்தினத்தையே பொய்யன் என்று சொல்வதாக ஆகும். எல்லாருக்கும் வணக்கம், அது கல்யாணத்தில் மொய் எழுதுகிறவன் பேசுகிற பேச்சு. முதல் வார்த்தை கிடைத்துவிட்டால் மற்றது வந்துவிடும், கிடைக்கவில்லை என்பது ஒரு சாக்கு என்றும் தெரியும். என் வீட்டுக்காரி காவேரிக்குத் தெரிந்தால் அதையும் சொல்லிக்காட்டுவாள். காலையில் பாகலூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள், "போனமா, கையத் தூக்குனமா, வந்தமான்னு இரு. வாயக் கீயத் தொறந்துறாத." ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே அவளே மறுபடியும், "அவுரு நல்லவருதான், எனக்குத் தெரியாதா. எம்பட பிரசவத்துக்கு ரத்தம் குடுத்தவரு. அதுக்கின்னு நல்லவரு வந்து நம்ம வூட்டுக்குத் தளம் போடுவாரா?" என்றாள். எங்கள் வீடு சுவர் மட்டத்தில் நின்றுவிட்டது. தூண்களுக்கு மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, துரு ஏறக்கூடாதென்று தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், காற்றடித்தால் பாட்டில்கள் டொக் டொக்கென்று ஆடும், பேங்க் நோட்டீஸ் வந்த அன்றைக்கு அந்தச் சத்தமே தாங்க முடியாமல் ஏறிப் போய் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன், மறுநாள் அவளே பொறுக்கிக் கவிழ்த்து வைத்தாள். பண்ணையில் கூடாரத்துக்குள் ஏ.சி. மாதிரி குளிர வைத்திருப்பார்களாம், முள் நீக்குகிற வேலை, ரப்பர் கையுறை கொடுக்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டால் வேகம் வராது என்று கழற்றிவிடுகிறார்கள் பெண்கள். அவள் விரல் நுனியெல்லாம் கறுப்புப் புள்ளி. ராத்திரி ஊசியால் முள்ளை நெம்பிக்கொண்டே டிவி பார்ப்பாள். நான் அந்தக் கையைப் பார்ப்பேன், டிவியைப் பார்ப்பதுபோல. இப்போது நான் எழுந்து அந்த வரியைச் சொன்னால், கேட்டவர்கள் நாலு பேர் ஆமாம் என்று சொன்னால், தீர்மானம் விழும், செட்டில்மென்ட் விழும், கேஸ் கோர்ட்டுக்குப் போகும். கோர்ட்டுக்குப் போனால் எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும், எங்களுக்கு முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாட்டில்கள் அப்படியே கவிழ்ந்து கிடக்கும்.

லூர்து அண்ணன் மேடையின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, மேலே அதே பழைய கம்பெனி ஜெர்கின், கையை முட்டியின் மேல் விரித்து வைத்திருக்கிறார். வலது கையில் மூன்று விரல். அந்தக் கையை மறைத்து நான் பார்த்ததே இல்லை, மேடையில் பேசும்போதும் அதைத்தான் ஆட்டுவார். பிரஸ் ஷாப்பில் வாய்க்கு வேலை இல்லை, அத்தனை பிரஸ்ஸும் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, அதனால் நாங்கள் எல்லாவற்றையும் கையால்தான் பேசுவோம். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. தோளைத் தட்டிவிட்டுக்கொண்டால் சூப்பர்வைசர் வருகிறான். மீசையைத் தடவினால் மேனேஜரே வருகிறார், அந்த மேனேஜருக்கு மீசை கிடையாது, அதுதான் அதில் கிண்டல். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு, உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து வெளிப்பக்கம் இரண்டு தரம் தள்ளுவது. கையை வெளியே எடு, பிரஸ் இறங்கப் போகிறது. அதை மட்டும் யார் காட்டினாலும், நேற்று சேர்ந்தவன் காட்டினாலும், என்ன ஏது என்று பார்க்காமல் கை பின்னால் வந்துவிட வேண்டும். வீட்டில் சாப்பிடும்போதுகூட எனக்கு அப்படிக் கை அசைந்துவிடும், காவேரி போதும் என்று நினைத்துக் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், கல்யாணமான புதிதில் பாதி நாள் அரை வயிறுதான். அந்தக் காலத்தில் பிரஸ்ஸுக்குக் கால் பெடல். கை தகட்டை வைக்கும், கால் அமுக்கும், காலுக்கும் கைக்கும் சண்டை வந்தால் விரல் போகும். அப்படித்தான் அவருக்குப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சங்கம் கட்டினார், கட்டினவர் முதல் கோரிக்கையாகச் சம்பளத்தைக் கேட்டாரா, இல்லை. பட்டன் கேட்டார். பெடலை எடுத்துவிட்டு இரண்டு பட்டன் வை, இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் பிரஸ் இறங்க வேண்டும், அப்போது எந்தக் கையும் உள்ளே இருக்காது. எங்களுக்கு ஒரே எரிச்சல். "சம்பளம் கேளுங்கண்ணான்னா பட்டன் கேக்கறீங்களே" என்று முனிரத்தினம்தான் கத்தினார். லூர்து அண்ணன் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, "வெரலு இருந்தாத்தானப்பா சம்பளத்த எண்ணுவ" என்றார். மழையில் நனைந்துகொண்டு பட்டனுக்காக ஸ்ட்ரைக் செய்த கூட்டம் இந்த ஊரிலேயே நாங்கள்தான். வாங்கினோம். அதற்குப் பிறகு எங்கள் ஷாப்பில் ஒரு விரல் போகவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் சம்பளம் ஏறியது, அதற்கடுத்ததில் இன்னும் ஏறியது, வண்டி வாங்கினோம், சீட்டுப் போட்டோம், மனை வாங்கினோம், கடைசியில் ஒருநாள் கேன்டீனில் எங்களை உட்காரவைத்து ஒரு ஆபீசர் சொன்னான், ஓசூர் காஸ்ட்லி ஆயிடுச்சு. நாங்கள்தான் காஸ்ட்லி. வீட்டுக்கு வந்து சொன்னேன், காவேரி கிழிந்த என் பனியனைப் பார்த்தாள், "காஸ்ட்லி புருசன்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

மைக் கீச்சென்று கத்துகிறது. முனிரத்தினம் அதைத் தட்டுகிறார். கம்பெனி ஓடிப்போனதைப் பற்றிப் பேசுகிறார் போல, ஓடிப்போன என்கிற வார்த்தை மட்டும் தெளிவாக விழுந்தது. கம்பெனி ஓடிப்போகவில்லை, முனிரத்தினம், இந்த ஊருக்கு வந்ததே அப்படித்தானே. பெங்களூரில் இருந்தது, அங்கே சங்கம் வலுவாகிச் சம்பளம் ஏறியதும் எல்லையைத் தாண்டி இங்கே வந்தது, இங்கே இடம் மலிவு, வரி கிடையாது, தர்மபுரிப் பக்கத்திலிருந்து எங்களைப் போல மழையில்லாத காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பயல்கள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான்கள். அப்போது நாங்கள் மலிவு. நான் சேர்ந்த வருஷம் முதல் ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைக்கச் சொன்னார்கள், எனக்குக் கொடுத்த பிரஸ்ஸின் முன்தகட்டைக் கழற்றினேன், உள்ளே காய்ந்துபோன குங்குமம். சந்தனம் கல்லாக இறுகி, அதில் மூன்று விரலால் இழுத்த கோடு அப்படியே இருந்தது, ஒரு துண்டுப் பூச்சரம் கிரீஸில் ஊறி நார் மாதிரி ஒட்டியிருந்தது. நாங்கள் வைத்ததில்லை, நாங்கள்தான் புதுசாயிற்றே. ஃபிட்டரைக் கேட்டேன், "பெங்களூர்க்காரனுங்க வெச்சதுடா, தொடச்சிப் போடு" என்றான். மண்ணெண்ணெயை ஊற்றி, காட்டன் வேஸ்ட்டால் தேய்த்து, போகாததை உளியால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் என் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்தேன். யார் விரல் என்று ஒரு நிமிஷம் நினைத்தேனா, இல்லையே. வேலை கிடைத்த சந்தோஷம், எவன் குங்குமமோ எனக்கென்ன. அந்த நாட்களில் பெங்களூர் ஆட்கள் கொஞ்சம் பேர் கொடியோடு வந்து எங்கள் கேட் எதிரே நின்றார்கள், கன்னடத்தில் கத்தினார்கள், வயசானவர்கள், ஒருவர் டிபன் கேரியரோடு வந்திருந்தார், வேலைக்கு வருகிறவர் மாதிரி. எங்கள் பஸ் அவர்களைத் தாண்டி உள்ளே போனது. ஒழுங்கா வேல செஞ்சிருந்தா கம்பெனி ஏன்டா இங்க வருது என்று பஸ்ஸுக்குள் எவனோ சொன்னான், மொத்த பஸ்ஸும் சிரித்தது. அவர்கள் கேஸ் கோர்ட்டில் நடந்தது, நடந்துகொண்டே இருந்தது, அந்த டிபன் கேரியர்காரர் தீர்ப்பைப் பார்க்காமலே போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இப்போது வடக்கே எந்த ஊரிலோ ஒரு பஸ்ஸில் எவனோ எங்களைப் பற்றி அதையே சொல்லிக்கொண்டிருப்பான், அவன் பாஷையில். என் பிரஸ்ஸின் முன்தகட்டைக் கழற்றி என் குங்குமத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பான் ஒருத்தன். அவன்மேல் கோபம் வரவேண்டும் என்று பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. சுரண்டட்டும். வயிறு இருக்கிறதே அவனுக்கும்.

கோபம் வருவதெல்லாம் அந்த எலுமிச்சம்பழத்தின் மேல்தான். மெஷின்களை வடக்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கேட் எதிரே பந்தல் போட்டு ஷிப்ட் மாற்றி உட்கார்ந்தோம், உள்ளேயிருந்து எந்த வண்டி வந்தாலும் நிறுத்தி, ஏறிப் பார்த்து, காலி என்று தெரிந்தால்தான் விடுவோம், மழையோ வெயிலோ ஒரு போல்ட் வெளியே போகவில்லை. அப்போது ஆயுத பூஜை வந்தது. ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னான், வருஷா வருஷம் போல பூஜை போடலாம், எல்லாரும் உள்ளே வாங்க, பொரி, சுண்டல், ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் உண்டு. பந்தலில் கூடிப் பேசினோம். லூர்து அண்ணன், "பூஜையப் போடுங்க. கேட்ல மட்டும் பத்துப் பேரு இருக்கட்டும், வழக்கம்போல வண்டியப் பாக்கட்டும்" என்றார். அதற்கு முனிரத்தினம், "அண்ணா, நீங்க சர்ச்சுக்குப் போறவரு, உங்களுக்கு இது தெரியாது. சாமி கும்பிட்ட ஆயுதத்த மறுநா வரைக்கும் எவனும் தொடமாட்டான். கம்பெனிக்காரனும் பொட்டு வெச்சவன்தான்" என்றார். பந்தல் முழுக்கத் தலையாட்டியது, என் தலையும் அதில் ஒன்று, ஆட்டாமல் என்ன, அது எங்களுக்குச் சோறும் குழம்பும் மாதிரித் தெரிந்த விஷயம். லூர்து அண்ணன் எங்களை ஒரு பார்வை பார்த்தார், சரி என்று எழுந்து போய் டீ சொன்னார். ஆயுத பூஜையன்று காலையில் டிரெய்லர் வண்டிகள் உள்ளே வரிசையாக நின்றன, அதுவும் வழக்கம்தான், சரக்கு ஏற்றுகிற வண்டிகளுக்கும் எங்களோடுதான் பூஜை, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கேட்டைத் தாண்டி ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பி வரும். அந்த வருஷம் எல்லா வண்டிக்கும் தார்ப்பாய் கட்டியிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே டைகள். டை என்றால் அச்சு, தகடு எந்த வடிவத்தில் வெட்டுப்படுமோ அந்த வடிவம் அதில்தான் இருக்கிறது, டை இல்லாத பிரஸ் வெறும் இரும்பு, காயலான் கடைக்காரன் எடை போட்டு வாங்குவான். நாங்கள் கேட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் பின்பக்க ஷட்டர் வழியாக வெளியாட்களை வைத்து ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது. லூர்து அண்ணனுக்கும் தெரியாது, ஆனால் புங்கமரத்தடியில் பொரியைக் கொறித்துக்கொண்டு நின்றவர் கேட்டார், "மழையும் காணோம் மாரியும் காணோம், தார்ப்பாய் எதுக்குப்பா கட்டியிருக்கு?" நான் பக்கத்தில் நின்றேன். முனிரத்தினம் திரும்பிப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா என்னண்ணா நீங்க" என்றார். மாலை போட்ட வண்டியில் ஏறித் தார்ப்பாயை அவிழ்ப்பதாவது, செருப்புக் காலோடு சாமிமேல் ஏறுகிற மாதிரி. லூர்து அண்ணன் மறுபடியும் பொரியில் கையை விட்டார். முதல் வண்டிக்குப் பழம் வைத்தது நான். குனிந்து நாலு பக்கமும் வைத்தேன், நசுங்கினால்தான் திருஷ்டி போகும் என்று டயரோடு ஒட்டி வைத்தேன், வடக்கத்தி டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான், நல்ல பையன், அவனுக்கும் தெரியுமோ தெரியாதோ. பழம் நசுங்கியது. வண்டி வழுக்கக்கூடாதென்று பூசணித் துண்டுகளைக் காலால் ஓரம் தள்ளிவிட்டேன். கேட்டை நாங்களே விரியத் திறந்து பிடித்துக்கொண்டோம், ஒவ்வொன்றாகப் போயின, போட்டோ எடுத்தோம். ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடும் என்று பொரிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றோம். டிரைவர்களுக்கென்று ஸ்வீட் பாக்ஸைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். வெயில் ஏறியது. ரிங் ரோட்டில் நெரிசலாக இருக்கும் என்றான் ஒருத்தன். எல்லோரும் ஆமாம் என்றோம். அப்போதும் நின்றோம், கடவுளே, தங்கள் வயிற்றை ஏற்றி அனுப்பிவிட்டு அதற்கே ஸ்வீட் வைத்துக்கொண்டு நின்ற கூட்டம். டை போன பிறகு பிரஸ்களை மறிக்க யாருக்கும் தெம்பில்லை, போலீஸ் காவலோடு கொண்டுபோனார்கள். கடைசியாகக் கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன், ஷாப் வெறிச்சென்று இருந்தது, மூலையில் ஓட்டை உடைசலோடு ஒரு குவியல், அதில் பச்சைப் பட்டன் பெட்டிகள். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே பெடல்தான் போலிருக்கிறது, பெடல் என்றால் வேகம். என் பிரஸ்ஸில் நிற்கப்போகிறவனுக்கு யார் கையை ஆட்டிக் காட்டுவார்கள்.

நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன. முனிரத்தினம் காகிதத்தை எடுத்துவிட்டார், தீர்மானத்தைப் படிக்கிறார், இப்போது எனக்கு எல்லாம் கேட்கிறது, வேண்டாத நேரத்தில்தான் இந்தக் காது வேலை செய்யும். துரோகம் என்கிற வார்த்தை வருகிறது. தொழிலாளர் வயிற்றில் அடித்த என்று வருகிறது. முனிரத்தினத்தின் குரல் நடுங்குகிறது, நடிக்கவில்லை, அந்த ஆளுக்கும் இரண்டு பெண்கள், அந்த ஆளும் ராத்திரி தூங்குவதில்லை, அன்றைக்குத் தான் சொன்னதைத் தன் வாயில் வைத்துக்கொள்ள முடியாமல் லூர்து அண்ணன் வாயில் வைத்துவிட்டு, வைத்ததைத் தானே நம்பவும் ஆரம்பித்துவிட்டார். எல்லாருமே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஏமாந்தோம் என்பதைவிட விற்கப்பட்டோம் என்பது கொஞ்சம் மரியாதையாக இருக்கிறதே. லூர்து அண்ணன் தரையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கிறார், பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி. அவருக்கும் செட்டில்மென்ட் உண்டு, நீக்கப்பட்டால் அதற்கும் இழுபறி, அவர் மருமகனுக்குக் கம்பெனி கான்ட்ராக்ட் கொடுத்தது என்று பேசிக்கொள்கிறார்கள், அந்த மருமகன் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கவர் விற்கிறான், நானே ஒன்று வாங்கினேன். "இதப் பத்தி யாராச்சும் பேசறதுன்னா பேசலாம்" என்கிறார் முனிரத்தினம். காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இப்போதுதான். இதுதான் நேரம். மண்டபத்தில் ஃபேன் சத்தம்கூட இல்லை, குளிருக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தார்ப்பாய் எதுக்குன்னு. காவேரியின் விரல் நுனி. லூர்து அண்ணன் கேட்டாரு. கம்பிமேல் பாட்டில்கள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன், முதல் வார்த்தையும் கிடைத்துவிட்டது, தோழர்களேயும் இல்லை தலைவரேயும் இல்லை, அண்ணா, அதுதான், அதைத்தானே எப்போதும் கூப்பிடுகிறேன், இத்தனை நேரம் அது ஏன் தோன்றவில்லை. வாயைத் திறந்தேன். லூர்து அண்ணன் என்னைப் பார்த்தார். முட்டியின் மேல் விரித்திருந்த கையை ஒரு விரற்கடை தூக்கினார், உள்ளங்கை கீழே, வெளிப்பக்கமாக இரண்டு தரம் தள்ளினார். கையை வெளியே எடு. அவ்வளவு சின்னதாகக் காட்டினார், வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எத்தனையோ வருஷப் பழக்கம், அந்தக் கை அசைந்தால் என் உடம்பு என்னைக் கேட்காது, பின்னால் வந்துவிடும். உட்கார்ந்துவிட்டேன். "ஏன்ணா, ஒண்ணுக்கா?" என்று பக்கத்து நாற்காலிக்காரன் கேட்டான், ஆமாம், அடங்கிடுச்சு என்றேன்.

"ஆதரிக்கறவங்க கையத் தூக்குங்க" என்றார் முனிரத்தினம். எண்ணுவதற்கு யாரையோ கூப்பிட்டார், அந்த ஆள் எழுந்திருக்கவே யோசித்தான். அதற்குள் லூர்து அண்ணன் எழுந்துவிட்டார். "எப்பவும் நான்தானப்பா எண்ணுவேன். நீங்க எண்ணுனா தப்பு வரும், அதப் புடிச்சிக்கிட்டு கம்பெனிக்காரன் ஒங்கள மறுபடியும் இழுத்தடிப்பான்" என்று சொல்லிக்கொண்டே மேடைப் படியில் மெதுவாக இறங்கினார், முட்டி வலி அவருக்கு. கைகள் முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுந்தன, பிறகு வரிசை வரிசையாக எழுந்தன. நானும் தூக்கினேன். தானாக எழுந்தது, எல்லாரும் தூக்கியதால் தூக்கினேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன், நான்தான் தூக்கினேன், நன்றாக உயர்த்தித் தூக்கினேன், அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. எனக்கு முன்னால் மண்டபம் முழுக்கக் கைகள். பிரஸ் ஷாப்புக் கைகள், கிரீஸ் போன பிறகும் நகக்கண்ணில் கறுப்புப் போகாத கைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். ஒரு கையில்கூடக் குறை இல்லை. அதற்கு நடுவில் அந்த மூன்று விரலை நீட்டி, உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாக வந்தார். என் வரிசைக்கு வந்தார். என் முன்னால் வந்ததும் நின்றுவிடுவாரோ என்று பயந்தேன், நின்று ஏதாவது சொல்லிவிட்டால் நல்லது என்றும் இருந்தது. நிற்கவில்லை. என்னையும் எண்ணிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.